குப்புறப் படுங்கண்ணே

அட, தலைய ஆட்டுனா போதும்ணே, மாஸ்க்க கழட்டாதீங்க! நர்ஸம்மா பாத்தா என்னைத்தான் வாங்கு வாங்குன்னு வாங்குவாங்க. பேச்சு என் டிபார்ட்மெண்ட், மூச்சு உங்க டிபார்ட்மெண்ட். சரியா?

அண்ணேன்னு கூப்பிட்டா எதுக்கு முறைக்கிறீங்க? நான் எல்லாரையும்தான் அப்படிக் கூப்பிடுறேன். நேத்து பெரிய டாக்டரம்மாவையே அண்ணேன்னுட்டேன். அந்தக் கவச டிரெஸ்ஸுக்குள்ள யாரு இருக்காங்கன்னு என்னத்த தெரியுது!

எனக்கு இன்னிக்கு டிஸ்சார்ஜ். அதான் வாய் நிக்க மாட்டேங்குது. ஆயுசு பூரா வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்தே நட்டு முடுக்குனவன். என்னைப் போய் குப்புறப் படுங்கன்னா? உங்கள மாதிரியேதான் எனக்கும் ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தா வைத்தியம் பாருங்க, படுக்க நான் வீட்லயே படுத்துக்க மாட்டேனான்னு ஒரே சத்தம்.

என் மச்சான் வேற போன்லயே டாக்டராயிட்டான். ஆன்டிபயாடிக் ரெண்ட முழுங்குங்கன்னான். டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. இது வைரஸுங்க, அந்த மாத்திரைய மதிக்கவே மதிக்காதுன்னாங்க. சரி, பொழைச்சவங்க ரத்தத்துலேர்ந்து எதையோ எடுத்து ஏத்தலாம்னு ஊரெல்லாம் அலைஞ்சான். அதுலயும் பெருசா பலன் இல்லையாம். கடைசில பாத்தா ஆக்சிஜன், நுரையீரல் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி, அப்புறம் இந்தக் குப்புறப் படுக்கை. அவ்ளோதாண்ணே! முதுகுப் பக்கம் அமுங்கிக் கெடக்கிற நுரையீரலுக்குள்ள காத்து போகுமாம்.

என்ன, கைய ஆட்டுறீங்க? முடியாதா? டாக்டரம்மா வெளிய நின்னு பேசுனது என் காதுல விழுந்துச்சு. உங்க ஆக்சிஜன் நம்பர் இப்படியே எறங்குனா தொண்டையில குழாய் விட்டு மெஷின் வைக்கணுமாம். சிரிக்கிறேன்னு நினைக்காதீங்க. பயம்ணே, பயத்துல சிரிப்பா வருது.

பிடிவாதத்த விட்டுட்டு வாங்க. தலகாணி நெஞ்சுக்கு ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணு. ஒயரு, ஒயரு, பாத்து... அப்படித்தான்! ஐயய்யோ, கவுனு பின்னாடி தொறந்து கெடக்கு, நான் எதையும் பாக்கல சாமி! இருங்க, போர்வைய இழுத்து விடுறேன். செவுத்துப் பக்கம் திரும்பாதீங்க, செவுத்த பாத்தது போதும். மூஞ்சிய என் பக்கம் வைங்க. விரல்ல மாட்டுன கிளிப்ப காட்டுங்க. எண்பத்தெட்டு... எண்பத்தொம்போது... ஏறுதுண்ணே! அடி சக்கை, தொண்ணூறு! நர்ஸம்மா, இங்க வந்து பாருங்க!

ஆங், மறந்தே போச்சு. காலைல அம்மா போன் பண்ணுச்சு, பக்கத்து பெட்ல யாருடான்னு. சொன்னேன், நம்பல. பட்டறைக்கு நடுவுல செவுரு எழுப்புனவனுங்க ஒரே ரூம்லயா, யாருகிட்ட கத விடுறன்னு போன வச்சிடுச்சு. கொஞ்சம் மூச்சு வந்ததும் நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்கண்ணே. நம்ம அம்மா என்னிக்கு என் பேச்ச நம்புச்சு?