கடைசிப் பிரிவைக் கலைத்த தலைமையாசிரியை அம்மாவுக்கு

அன்பால் ஆண்டு, அறிவால் வென்ற அம்மையே! நான்கு மாடிப் பள்ளியை நாள்தோறும் நடந்தே அளந்த நல்லாசானே! பதினோராண்டுகள் எங்கள் தலைமையாசிரியையாய்த் திகழ்ந்து, இன்று பணிநிறைவு காணும் பெருந்தகையே! வணங்கி மகிழ்கிறோம்.

காலை ஏழே முக்காலுக்கு வாயிற்கதவருகே நிற்பீர்கள். நேரத்தோடு வந்த பிள்ளைக்கு ஒரு புன்னகை. நேரம் தவறிய ஆசிரியருக்கும் அதே புன்னகை! அதற்கு அஞ்சியே ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தோம். தங்களுக்கு நாங்கள் சூட்டிய பெயரே 'ஏழே முக்கால்' என்பதை இன்றாவது ஒப்புக்கொள்கிறோம். பொறுத்தருள்க!

தாங்கள் வந்த நாளில், பேருந்து நிலையத்தை ஒட்டிய இப்பள்ளியில் மதிப்பெண்ணே பிள்ளைகளைப் பிரித்தது. முதல் பிரிவுக்குக் காற்றோட்டமான கூடம். கடைசிப் பிரிவுக்குக் கழிப்பறை ஓரத்து அறை. அங்கிருந்த பிள்ளைகள் தம்மைத் தாமே 'மிச்சம்' என்று அழைத்துக்கொண்டனர். அது காதில் விழுந்த மறுவாரமே பிரிவுகளைக் கலைத்து, எல்லாரையும் கலந்து அமர்த்தினீர்கள்.

நாங்கள் கொதித்தோம். கணக்காசிரியர் முன்னின்று கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுத, இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்டோம். அவ்வாண்டு தேர்ச்சி சரிந்ததும், அன்றே சொன்னோமே என்று நெஞ்சை நிமிர்த்தினோம். தாங்களோ பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "தப்பு என்னோடதுங்க, பிள்ளைங்களோடது இல்ல. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றீர்கள்.

விசாரிக்க வந்த கல்வி அதிகாரி, புகாருக்கு முன்னின்ற கணக்காசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவதாகத் தங்களிடம் சொன்னார். தாங்கள் தந்த பதிலை, உடனிருந்த எழுத்தர் சொல்லித்தான் அறிந்தோம்: "அவரு போயிட்டா கணக்கு யாருங்க சொல்லித் தருவா? என் மேல கோவம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பாடம் அருமையா நடத்துறாரே!"

அன்று மாலை கணக்காசிரியர் தங்கள் அறை வாசலில் வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். எட்டாம் வகுப்புல பாதிப் பேருக்குப் பின்னம் புரியல. என்ன பண்ணலாம்?" என்றீர்கள். மன்னிப்பு கேட்கவும் இடமில்லை, கொடுக்கவும் நேரமில்லை! மறுநாளே பள்ளி விட்டபின் ஒரு மணி நேர வகுப்பு தொடங்கிற்று. முதலில் அவர் ஒருவர். பிறகு அறிவியல் ஆசிரியை. பிறகு வெட்கத்தோடு நாங்கள் அனைவரும். மூன்றாம் ஆண்டில் தேர்ச்சி பழைய அளவைத் தாண்டியது. கழிப்பறை ஓரத்து அறைக்கும் தகுந்த வேலை கிடைத்தது: வாளியும் துடைப்பமும் அங்கே குடியேறின.

ஒன்றை மட்டும் தங்களிடம் மறைத்தோம். தாங்கள் ஓய்வுபெறும் செய்தி பரவியதும், பழையபடி பிரித்துவிடலாமே என்று சில பெற்றோர் சென்ற வாரம் எங்களைத் தேடி வந்தனர். வாய் திறந்தவர் கணக்காசிரியர்தான்: "அம்மாதானே போறாங்க? நாங்க இங்கதானே இருக்கோம்!" வரும் ஆண்டின் வகுப்புப் பட்டியலைக் கலந்தே எழுதி, இன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம்.

நிம்மதியாய்ச் சென்று வாருங்கள், அம்மா! நோயற்ற உடலும் நிறைந்த மனமும் பெற்று நீடு வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்