நான்கு பல்செட்டும் இருபத்து நான்கு வழிகளும்

எங்கள் முதியோர் இல்லத்தின் முதுகெலும்பே! மாத்திரை மறுப்போரையும் மனம் மாறி வாய் திறக்கவைக்கும் மந்திரமே! கண்டிப்பு காட்டும்போதும் கனிவு குறையாத பராமரிப்புப் பொறுப்பாளரே! எங்கள் அன்பு அக்காவே! கால் நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், பிரிய மனமின்றியும் பிடித்துவைக்க வழியின்றியும் நிற்கும் உங்கள் உடன்பணியாளர்கள் உள்ளம் உருகிப் படைக்கும் மடல் இது!

எண்ணிப் பாராமல் எதையும் செய்யாத ஏந்தலே! மூன்று பேரை மூன்று நாற்காலியில் உட்காரவைப்பதென்றாலும், "ஆறு விதமா உக்காரலாம், எந்த விதத்துல சண்டை வராது?" என்று கணக்குப் போட்ட பிறகே நாற்காலியை இழுப்பீர்கள். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். முதுகுக்குப் பின்னால் 'கணக்கக்கா' என்று பெயர் வைத்ததும் நாங்கள்தான். அது உங்கள் காதுக்கு எட்டியும் நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு, உங்கள் கணக்கின் அருமையை நாங்கள் உணர்ந்த காலை ஒன்று உண்டு. வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத பணிப்பெண் ஒருவர், இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாய் வளர்க்கும் தாய், முதல் மாடியில் தங்கியிருந்த நான்கு பெரியவர்களின் பல்செட்டுகளையும் பளிச்சென்று கழுவும் ஆர்வக் கோளாறில் ஒரே பேசினில் கொட்டித் தேய்த்துவிட்டார். தேய்த்து முடித்த பிறகுதான் எது யாருடையது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அன்று மதியம் நிர்வாகக் குழுவினர் பெரியவர்களோடு அமர்ந்து சாப்பிட வருவதாக ஏற்பாடு. மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஆளுக்கு ஒண்ணை எடுத்துக் குடுத்துடுங்க. வாயில போட்டுப் பாத்து அவங்களே மாத்திக்கட்டும். இந்தம்மாவை இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுங்க" என்றார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் எங்களை மன்னிப்பாராக!

நீங்கள் விரல் விட்டு எண்ணினீர்கள். "முதல் ஆளுக்கு நாலுல எதை வேணா குடுக்கலாம், அடுத்தவருக்கு மிச்சம் மூணுல, அப்புறம் ரெண்டுல, கடைசி ஆளுக்கு ஒண்ணுதான் மிச்சம். மொத்தம் இருபத்து நாலு விதம் சார். அதுல ஒரே ஒரு விதந்தான் நாலு பேருக்கும் சரி. ஒம்போது விதத்துல ஒருத்தருக்குக்கூடச் சரியா வராது. இருபத்து நாலுல ஒண்ணை நம்பிப் பெரியவங்க வாயைப் புண்ணாக்க என்னால முடியாது."

அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு, பல்செட்டுகளைத் தட்டில் ஏந்தி நீங்களே மாடியேறினீர்கள். நால்வரிடமும் நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொன்னீர்கள். நால்வரில் தையற்காரராய் இருந்தவர், நூல் கடித்துக் கடித்துத் தேய்ந்த முன்பல்லைக் காட்டி, "இது நம்மளது" என்றார். இருபத்து நான்கு வழிகள் ஆறாகக் குறைந்தன. பழைய லாரி ஓட்டுநர், இருப்பதிலேயே வெள்ளை வெளேரென்று மின்னியதைச் சுட்டினார். "கையை எடுங்க! அது நான் போன மாசம் வாங்கினது" என்று அதட்டினார், பணி முடித்த தலைமையாசிரியை. ஆறு இரண்டாயிற்று. ஓட்டுநர் கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எஞ்சியவை இரண்டு செட்டுகள். எஞ்சிய மற்றொருவரோ, பார்க்க வரும் சொந்த மகனையே "தம்பி, நீங்க யாரு?" என்று கேட்கும் அளவுக்கு நினைவு தப்பிய பெரியவர். நீங்கள் முக்காலியை இழுத்துப் போட்டு ஓட்டுநரின் எதிரே அமர்ந்தீர்கள்.

"ஐயா, இன்னும் ரெண்டே விதந்தான். நீங்க தப்பாச் சொன்னா அவருக்கும் தப்பாப் போயிடும். வலிக்குதுன்னு சொல்லக்கூட அவருக்குத் தெரியாது."

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். "விரிசல் விட்டு ஒட்ட வச்சிருக்கே, அதான் என்னோடது. கீழ போட்டுட்டேன்னு தெரிஞ்சா எம் பொண்ணு திட்டுவாம்மா."

மூன்று தெளிந்ததும் நான்காவது தானே தெளிந்தது. எதையும் நினைவில் வைத்திராத அந்தப் பெரியவர், வாய் திறந்து எதுவும் கேட்காமலே தமக்குரியதைப் பெற்று, மதியம் நிர்வாகக் குழுத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக மென்று சாப்பிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

விருந்தினர் கிளம்பியதும் மேலாளர் மறுபடியும் அந்தப் பெண்ணின் பேச்சை எடுத்தார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "யாரை வச்சாலும், ஒரே பேசின்னா அதே இருபத்து நாலுதான் சார். ஆளை மாத்தாதீங்க, பேசினை மாத்துங்க" என்றீர்கள். மறுநாளே நான்கு நிறத்தில் நான்கு மூடிபோட்ட கிண்ணங்கள் வந்தன. அந்தப் பெண்ணின் வேலையும் தப்பித்தது.

நீதி நழுவாத நெஞ்சமே! இதுவரை உங்களிடமிருந்து நாங்கள் ஒன்றை மறைத்துவந்தோம். உங்கள் இடத்துக்கு அடுத்து யார் என்று நிர்வாகக் குழு கேட்டபோது, மூன்று பேரைப் பரிந்துரைக்க மேலாளருக்கு இடமிருந்தது. அவர் ஒருவரை மட்டுமே பரிந்துரைத்தார். அன்று கணக்கு முடித்து அனுப்பச் சொன்னாரே, அதே பெண்ணைத்தான். காரணம் கேட்டதற்கு, "அன்னிக்கு நம்ம பொறுப்பாளரம்மா சொன்னதைக் கேக்காம இருந்திருந்தா, நான் எவ்வளவு பெரிய ஆளை இழந்திருப்பேன்!" என்றார். நாளை முதல் அந்தப் பெண்ணே பொறுப்பாளர், அக்கா!

நோயணுகா உடலும், நொடியணுகா உள்ளமும், நாள்தோறும் நல்லுறக்கமும் பெற்று நீங்கள் நெடிது வாழ்க! வேலை செய்து வீங்கிய அந்தக் கால்களுக்கு இனியாவது ஓய்வு கிடைக்கட்டும்! உங்களை விட்டுப் பிரிய எங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்பில் குறையாத,
இல்லப் பணியாளர்கள் அனைவரும்,
தம் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்ட மேலாளரும்.