ஐந்து விரல் தடம்

கொலாஜன் என்பது ஏதோ பவுடரின் பெயர் என்று நம்பி, இளமை திரும்ப அதைப் பாலில் கலக்கிக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன் நான். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

"சத்தியமா எங்க மாமியார நான் அடிக்கலக்கா. பூண்டுக் காட்டுச் சரிவுல வழுக்கிரப் போறாங்கன்னு கையப் புடிச்சேன். அஞ்சு விரலும் ஊதாவா பதிஞ்சு கெடக்கு."

"வயசானா தோலுக்கு அடியில கொலாஜன் கொறஞ்சு, தோலு காகிதமாட்டம் ஆயிருமாம். காலம்பூரா மலை வெயிலு வேற. எங்கப்பாவுக்கும் லேசா இடிச்சாலே ரத்தம் கட்டிருது. எண்ணெய் தடவி முழுக்கைச் சட்டை போட்டுவிடச் சொன்னாரு டாக்டரு."

"முழுக்கை போட்டா, மறைக்கிறேன்னுல்ல சொல்லுவா நாத்தனா. நாளைக்கு வெள்ளனே கன்னிவாடியில இருந்து வர்றா."

"மாமியாரே சொல்ல மாட்டாங்களா?"

"நேத்து நடந்தது அவங்களுக்கு இன்னைக்கு ஞாபகம் இல்லக்கா. என்னைய யாரு அடிச்சான்னு என்கிட்டயே கேக்குறாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் வேணா வந்து உங்க நாத்தனார்கிட்ட எடுத்துச் சொல்லட்டுமாங்க?" என்றேன்.

"நீங்க வந்தா அது வேற கதையாயிரும், பேசாம உக்காந்து வாங்க."