குடைக்குள் ஓர் அதிகாரி

– அப்ப இந்தக் கதையை நீங்க எழுதலைங்கறீங்க.

– சத்தியமா இல்ல சார். எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும். கதை கட்டறதெல்லாம் வராது.

– நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த வாரப் பத்திரிகை உங்க டிராயர்ல எப்படி வந்துச்சு?

– எல்லார் டிராயர்லயும் இருக்கு சார். வாட்ச்மேன்கிட்ட ரெண்டு இருக்கு.

– ரெண்டு எதுக்கு?

– ஒண்ணை யாராவது வாங்கிட்டுப் போனா திரும்பி வர மாட்டேங்குதாம்.

– பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

– சிரிக்கல சார். இருமல்.

– நல்ல இருமல். சரி, அதை விடுங்க. காலையில குடுத்த கவரைத் தபால்ல போட்டாச்சா? வீட்டுல குறுக்கெழுத்துப் போட்டிக்கு அனுப்பறது. இன்னிக்கே போகணும்னு உயிரை எடுத்துட்டா.

– அப்பவே போட்டாச்சு சார்.

– நல்லது. இப்ப இங்க பாருங்க. இந்தக் குடிநீர் ஆபீஸ்ல ஒம்பது வருஷமா தற்காலிகமா டைப் அடிக்கறீங்க. உங்களை நிரந்தரமாக்கற ஆர்டர் இதோ, என் கைக்கு அடியில. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போடவா, கிழிக்கவா? நீங்க சொல்ற பதில்லதான் இருக்கு.

– சார், ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒத்தையா அல்லாடறேன். அதுல மட்டும் விளையாடாதீங்க.

– விளையாடறது யாரு? நானா, இந்த 'ஓட்டை வாளி'யா? பேரைப் பாருங்க, புனைப்பேராம்! நம்ம வராந்தாவுல கூரை ஒழுகுது, அதுக்குக் கீழ ஒரு ஓட்டை வாளி இருக்குன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

– வரி கட்ட வர்றவங்க பாதிப்பேர் அதுலதான் சார் தடுக்கி விழறாங்க.

– வாதாடாதீங்க. படிங்க. மூணாவது பத்தி. சத்தமா வேணாம், வெளிய காது வச்சுக்கிட்டு நிப்பாங்க.

– "கூரை ஒழுகியது. அதிகாரி நாற்காலியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மழை பெய்கிறதா என்று விசாரித்து அறிக்கை தரும்படி எழுதி அனுப்பினார். அறிக்கை கோடையில் வந்தது. மழை இல்லை என்று அதில் இருந்தது. அதிகாரி நிம்மதியாகக் கையெழுத்திட்டார். குடையை மட்டும் மடக்கவில்லை."

– மறுபடியும் இருமறீங்க.

– தொண்டை சரியில்ல சார்.

– குறை இருந்தா நேரா மனு குடுக்க வேண்டியதுதானே? மறைஞ்சு நின்னு கல்லெறியறதுக்குப் பேரு கதையா?

– குடுத்தோமே சார், கூரைக்காக. நாலு மனு. நாலையும் நான்தான் டைப் அடிச்சேன்.

– அது என் டேபிளுக்கு வரல.

– அதோ சார், உங்க டீ டம்ளருக்கு அடியில.

– ம்.

– நாலு மனுவுக்கும் ஒரு ஓடுகூட அசையல. கதை வந்த மூணாம் நாளு கொத்தனார் ஏணியோட வந்து நிக்கறார். இப்பகூட மேல தட்டிக்கிட்டிருக்கார், கேக்குதுங்களா?

– அது ஏற்கெனவே திட்டமிட்டது.

– சரிங்க சார்.

– நீங்க 'சரிங்க சார்'னு சொல்ற விதத்துலயே ஒரு கதை இருக்கு. திங்கக்கிழமை எல்லாருக்கும் சீட்டுக் குடுத்தேன்ல? கதையில வர்ற அதிகாரி யாருன்னு எழுதிப் பெட்டியில போடச் சொல்லி?

– போட்டோமே சார்.

– பதினாலையும் பிரிச்சேன். பேரு போடலைன்னா என்ன, எழுத்து தெரியாதா எனக்கு? கேஷியர் ஸ்டோர்கீப்பரை எழுதியிருக்கார். ஸ்டோர்கீப்பர் ஓவர்சியரை. ஓவர்சியர் யூனியன் தலைவரை. யூனியன் தலைவர் கேஷியரை. ஒருத்தர்கூடத் தன் பேரை எழுதல. சரி, அது மனுஷ சுபாவம். ஆனா ஒருத்தர்கூட என் பேரையும் எழுதல!

– சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே சார்?

– எப்படிம்மா சந்தோஷப்படறது? பதினாலு பேரும் ஒரே ஆளை மட்டும் விட்டா, பேசி வச்சுக்கிட்டுச் செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். அதுலயும் ஒரு சீட்டு வெறுமையா இருந்துச்சு. அது உங்களோடது.

– ஆமாம் சார். யோசிச்சுப் பாத்தேன், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் அப்படித்தான் தெரிஞ்சாங்க. சீட்டுல இடம் பத்தல.

– இந்த வாய்! இந்த வாய்தான் அதை எழுதியிருக்கு.

– கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கலாமா சார்? அது நீங்கதான்னு யாரு சொன்னது? அந்த ஆள் படிக்காம கையெழுத்துப் போடறார். இந்த ஆபீஸ்ல யாரு சார் படிச்சுட்டுப் போடறாங்க? மூக்குல கண்ணாடிய வச்சுக்கிட்டே கண்ணாடியத் தேடறார். ஓவர்சியர் தினம் தேடறார். மேலிடத்துலேருந்து போன் வந்தா எந்திரிச்சு நின்னு பேசறார். நீங்க இன்டர்காம்ல கூப்பிட்டா நானும் எந்திரிச்சுடறேன்.

– வழுக்கிக்கிட்டுப் போகாதீங்க. கடைசிப் பக்கத்துக்கு வாங்க. கொண்டாங்க, நானே படிக்கறேன். "தூக்கத்திலும் கையை உயர்த்தி, 'அது என் டேபிளுக்கு வரல' என்பார். புரண்டு படுத்து, 'வந்தாலும் இப்ப முடியாது' என்று முடிப்பார்." இது ஓவர்சியரா? இது கேஷியரா? அட்சரம் பிசகாம நான்! கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான்! இப்ப என்ன சொல்றீங்க?

– நீங்க ஆபீஸ்ல தூங்கி நான் பாத்ததே இல்லியே சார்.

– தூங்க மாட்டேன்! இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு நிமிஷம் கண்ணசந்தேன்னு எவனாவது சொல்லட்டும்!

– அதைத்தான் சார் நானும் கேக்கறேன். தூக்கத்துல நீங்க என்ன பேசறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

– இருங்க. வீட்டைத் தவிர நான் வேற எங்கயும் தூங்கறதே இல்லியே...

– சார்? தண்ணி வேணுமா?

– காலையில குடுத்தேனே கவர். அதுல யார் விலாசம் இருந்துச்சு?

– நீங்கதானே சார் குடுத்தீங்க. பாக்கலியா?

– படிக்கல.

– இந்தப் பத்திரிகைக்குத்தான் சார். ஆசிரியருக்கு. நல்ல கனம். கூட ரெண்டு ஸ்டாம்ப் ஒட்டினேன்.

– குறுக்கெழுத்து ஒரு தாள்தானேம்மா.

– ஒரு தாள்தான் சார்.

– திரும்ப வாங்க முடியாதா?

– பெட்டியில விழுந்தது விழுந்ததுதான் சார்.

– எத்தனை வாரமா குடுக்கறேன் இப்படி?

– இந்த மழை ஆரம்பிச்சதுலேருந்து சார். வாரா வாரம்.

– மழை... ஏம்மா, கதையில ஒழுகறது நம்ம வராந்தா இல்ல. எங்க வீட்டுச் சமையல்கட்டு. அங்கயும் ஒழுகுது. கீழ வீட்டுக்காரி ஓட்டை வாளிதான் வச்சிருக்கா. மூணு வருஷமா தினம் சொல்லிக்கிட்டே இருந்தா, சரி சரின்னு பேப்பரைத் திருப்பிக்கிட்டிருந்தேன். இந்த மழைக்கு வாயே திறக்கல. ஒழுகறது நின்னுடுச்சுன்னு நினைச்சேன்.

– ஐயோ பாவம் சார்.

– யாரு, நானா?

– அவங்களைச் சொன்னேன் சார்.

– சரிதான். பதினாலு பேரைக் கூண்டுல ஏத்திட்டேன், என்னைத் தவிர. கொண்டாங்க பேனாவை. இந்தாங்க ஆர்டர், போட்டாச்சு. இன்னியிலேருந்து நீங்க நிரந்தரம். இனிமே என்னாலகூட உங்களை அசைக்க முடியாது.

– நிஜமாவா சார்? ஒம்பது வருஷம்... ரொம்ப நன்றி.

– இருக்கட்டும். போற வழியில மேல இருக்கற கொத்தனார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சாயங்காலம் என்னோட எங்க வீட்டுக்கு வரணும். அவசரம்.

– கொத்தனாரா? அது என் டேபிளுக்கு வராதே சார்.