பேக்கப் இருக்கிறதா?

உங்கள் போனில் சார்ஜ் குறைவாக இருக்கிறது ஐயா. மேல் மூலையில் சிவப்புக் கோடு தெரிகிறது. நான் பேசுவதை அதில்தான் பதிவு செய்கிறீர்கள் என்றால், முதலில் செருகிவிடுங்கள். பாதியில் அணைந்தால் அதுவரை பேசியதும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்கொன்றும் கஷ்டம் இல்லை, கேட்கிற உங்களுக்குத்தான் அலுத்துப்போகும்.

அந்தச் சார்ஜர் வேண்டாம். அது போலி. கையில் எடுத்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். அந்த மேசையில் இருக்கிறதே, அது நல்லது. இப்போது சரி.

நான் போன் ரிப்பேர் செய்கிறவன். எங்கள் கடை சின்னது. முன்னால் கவுண்டர், அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். கவுண்டரில் ஒரு அக்கா இருக்கிறார். வருகிறவர்கள் அவரிடம்தான் பேசுவார்கள். எனக்கு எல்லாம் கேட்கும், நான் தலை நிமிர்வதில்லை. இதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்டில் வாடிக்கையாளர் சேவை பார்த்தேன். வருத்தம் தெரிவிக்கிற வாக்கியங்கள் திரையில் தயாராக இருக்கும். பொருத்தமான ஒன்றை எடுத்து ஒட்டினால் போதும். நான் செய்யாத தவறுக்கெல்லாம் விடிய விடிய வருத்தப்பட்டேன். ஒருநாள் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எதற்கும் எனக்கு வருத்தம் வந்ததில்லை. இருப்பு தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோபம் மட்டும் தீரவில்லை. அது முதலில் கம்பெனிகள் மேல்தான் இருந்தது. ஒரு காலத்தில் நகத்தால் நெம்பினால் பேட்டரி கையோடு வரும். இப்போது அதைப் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். சூடுகாட்டி, கம்பி விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிக்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை சார்ஜரின் வாயை மாற்றுகிறார்கள். அப்டேட் என்ற பெயரில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த போனை நொண்டியாக்குகிறார்கள். நேற்று இங்கே இருந்த பட்டன் இன்று அங்கே இருக்கும். ஏன் என்று கேட்டால் அனுபவத்தை மேம்படுத்தினோம் என்பார்கள். யார் கேட்டது?

ஆனால் கம்பெனி என் முன்னால் வந்து நிற்பதில்லை ஐயா. வாடிக்கையாளர்தான் நிற்கிறார்.

வந்து நின்று அவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றுதான். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." கீழே விழுந்ததா என்று அக்கா கேட்பார். "சேச்சே, விழவே இல்ல" என்பார்கள். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டதா என்று கேட்பார். "தண்ணியா? எங்க வீட்டுக் கொழாய்ல தண்ணியே வர்றதில்லைங்க" என்று ஒருவர் சொன்னார். நான் பின்மூடியைத் திறந்தேன். மேசையெல்லாம் ஈரம்.

பொய்யை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. கடைசியில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, நானே கேட்பேன். பேக்கப் இருக்கா?

இருக்கிறது என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் அப்படியென்றால் என்ன என்பார்கள். அல்லது, "அது தானா எடுத்துக்குமே" என்பார்கள். அல்லது, பையன்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தான், அவனைத்தான் கேட்கவேண்டும் என்பார்கள். பையன் வேறு ஊரில் இருப்பான். இத்தனைக்கும் போன் அவர்களைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். நகல் எடுக்கட்டுமா, இப்போதா, பிறகா என்று. இவர்கள் 'பிறகு' என்று அழுத்திக்கொண்டே இருந்திருப்பார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தை ஒரு ஓட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அதைக் கழிவறைக்கும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "போட்டோவெல்லாம் போயிடாதுல்ல?" என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் செய்தது டை கட்டிய ஒருவருக்கு. எங்கள் மாதிரிக் கடைகளில் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிடுவார்கள் என்று அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். "உன் வேலையப் பாருப்பா" என்றார். வெறும் பேட்டரி மாற்றுகிற வேலை. மாற்றினேன். பிறகு போனில் இருந்ததை முழுக்க அழித்தேன். போர்டு போய்விட்டது, உள்ளே இருந்தது வராது என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் நான் பேசுவதை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். கிளம்புமுன், பேக்கப் எப்படி எடுப்பது என்று தணிந்த குரலில் கேட்டார். நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் இனி வாழ்நாளில் மறக்கமாட்டார்.

ஆகவே தொடர்ந்து செய்தேன். எல்லோருக்கும் இல்லை. பேக்கப் இருக்கிறவர்களை நான் தொட்டதில்லை. சட்டப்படியும் பார்த்தால், போனை ஒப்படைக்கும்போதே கவுண்டரில் திரையில் விரலால் கையெழுத்துப் போடுகிறார்கள். தகவல் இழப்புக்குக் கடை பொறுப்பல்ல என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒருவரும் படித்ததில்லை.

அழிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்வேன். பொறுப்பில்லாமல் அழிக்கிற ஆள் இல்லை நான். ஒழுங்காகக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். ஒருவரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. அழுதார்கள், திட்டினார்கள், முதலாளியைக் கூப்பிடு என்றார்கள்.

எல்லாம் என் அறையில் இருந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலை முடிந்து போனால் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். எத்தனையோ குழந்தைகள் என் திரையில்தான் நடக்கப் பழகின. தத்தித் தத்தி வந்து கேமரா மேலேயே விழும். அந்தக் காட்சி அவர்கள் வீட்டில் கிடையாது. என்னிடம் பத்திரமாக இருந்தது.

இப்போது அந்த வேன் டிரைவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவருடைய போன் பேட்டரி வீங்கி, பின்மூடி எழும்பி, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, போன் மாசமா இருக்கா?" என்றார்.

"ஆமாம்மா, நாள் நெருங்கிடுச்சு. நீங்கதான் பிரசவம் பாக்கணும்" என்றார் அவர். சிரித்துவிட்டு, "போன் எப்படிப் போனாலும் சரிம்மா. உள்ள என் வீட்டுக்காரி கொரல் இருக்கு. அது மட்டும் பத்திரம்" என்றார்.

அவர் மனைவிக்கு எழுத்தடித்து அனுப்ப வராதாம். எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாராம். போன வருடம் இறந்துவிட்டார். இவர் தினமும் வண்டி எடுக்குமுன் அதில் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாராம். அந்த அம்மாவின் போனில் இருக்குமே என்று அக்கா கேட்டார். அதை மகள் சுத்தமாக அழித்துவிட்டுத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள் என்றார். இருப்பது இது ஒன்றுதான்.

நான் கேட்டேன். "பேக்கப் இருக்கா?"

"அதென்ன தம்பி?"

"போன்ல அடிக்கடி கேட்டிருக்குமேண்ணே."

"அதுவா? கேக்கும் தம்பி. வண்டி ஓட்டறப்ப என்ன தொந்தரவுன்னு அப்புறம்னு அமுக்கிடுவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் ஐயா. இருப்பது ஒரே ஒரு பிரதி. அதுவும் வெடிக்கப்போகிற ஒரு பேட்டரியின் மேல். மனிதர் சிரிக்கிறார்.

நகல் எடுத்தேன். அழித்தேன். புது பேட்டரி போட்டு, மூடியைத் துடைத்து வெளியே கொண்டுவந்து கொடுத்தேன். "போன் பொழச்சிடுச்சுண்ணே. பேட்டரி வீங்கி போர்ட அழுத்தினதுல உள்ள இருந்தது போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"இல்ல."

அவர் கையில் போன் ஒவ்வொரு மொழியாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. புது போன் அப்படித்தான் சொல்லும். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி தம்பி. நீ என்ன பண்ணுவ" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவரை நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அதன் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வாசலுக்குப் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். "புதுசா ஏதாவது வழி வந்திருக்கா தம்பி? டெக்னாலஜி தெனம் மாறுதுங்கறாங்களே." நான் இல்லண்ணே என்பேன். சரி என்று எழுந்து போவார். ஒருநாள் அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "மறுபடி ஒரு தடவ தொறந்து பாத்துத்தான் சொல்லேன். நெஞ்சுல என்னடா வெச்சிருக்க, ஸ்க்ரூவா?"

"ஸ்க்ரூவா இருந்தா கழட்டிடலாம்க்கா. ஒட்டி அனுப்பிட்டாங்க" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

அந்த அம்மாவின் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். கொஞ்சம் கரகரப்பு. பின்னால் எப்போதும் பாத்திரம் உருளுகிற சத்தம். கணவரை ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார். "என்ன ஸ்டியரிங், கெளம்பியாச்சா?" "வர்றப்ப பல்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, பாத்ரூம் இருட்டிக் கெடக்கு." "மாத்திரைய சட்டப் பையில வெக்காதீங்க, வேர்வையில ஊறிடுதுன்னு எத்தன தடவ சொல்றது?" இப்படித்தான் எல்லாம். ஒன்றில்கூட முக்கியமாக எதுவும் கிடையாது.

என் அறைக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் போடுவேன். மற்றவர்களின் வீடியோக்களைப் பார்ப்பது குறைந்துவிட்டது. என் குளியலறையில் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஆனாலும் ஒரு பல்பு வாங்கிக்கொண்டு போனேன். அதுவரை என்னிடம் யாரும் எதையும் வாங்கிவரச் சொன்னதில்லை. டிரைவர் ஒரு நாளைக்கு ஒன்றுதான் கேட்பார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். யாருக்கு அதன் அருமை தெரிந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டது என் அசட்டையால்தான். ஒரு மதியம் நான் லென்ஸுக்குள் தலையை விட்டு ஒரு பற்றவைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டதும், சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்ததும் காதில் விழுந்தது. "பாரும்மா, நமுத்தே போச்சு" என்றார்.

நான் தலை நிமிராமல் சொன்னேன். "ஸ்டியரிங், மாத்திரைய சட்டப் பையில வெக்காதீங்க, வேர்வையில ஊறிடுதுன்னு எத்தன தடவ சொல்றது?"

அதே இழுப்பு. அதே அலுப்பு. எனக்கே அது பிறகுதான் காதில் விழுந்தது. அக்கா ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்தார். டிரைவர் எழுந்து கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் வந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"இன்னொரு தடவ சொல்லு தம்பி."

"சும்மா சொன்னேண்ணே."

"சும்மா சொன்னதையே சொல்லுப்பா. அவளாட்டமே இருந்துச்சு."

அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை ஐயா. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தார். சிரிப்பை நிறுத்தியது அக்காதான். உங்களுக்கு போன் செய்ததும் அவர்தான்.

மறைக்க ஒன்றுமில்லை. நான்தான் அழித்தேன். அவருடையது, டை கட்டியவருடையது, அந்தக் குழந்தைகளுடையது, எல்லாம் வேண்டுமென்றே அழித்தேன். ஆனால் என்னைத் திருடன் என்று எழுதாதீர்கள். அவர்கள் தூக்கி எறியத் தயாராக இருந்ததை நான் பாதுகாத்தேன். டிரைவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கதவு திறந்தபோது தெரிந்தது. போனைக் கையில் வைத்திருக்கிறார். முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு வந்திருப்பார். என் கம்ப்யூட்டரைத் திறந்து அவருடையதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் ஆட்கள் அதை முறையாக அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கினார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று நான் அப்போதே சொன்னேன். அந்த ஹார்ட் டிஸ்க் பழையது. கொஞ்ச காலமாக உள்ளே எதையோ சுரண்டுகிற மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. திரையில்கூட ஏதோ எச்சரிக்கை வரும். கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்தால் எரிச்சலாக இருக்கும். தள்ளிவிடுவேன்.

இப்போது உள்ளே வந்தாரே, கம்ப்யூட்டர் தெரிந்த போலீஸ்காரர், அவர் உங்கள் காதில் என்ன சொன்னார்? டிஸ்க் திறக்கவில்லையா? அப்படியிருக்காதே. கேபிளை மாற்றிச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் பார்த்துவிட்டாரா?

இல்லை ஐயா. வேறு பிரதி இல்லை. அது ஒன்றுதான்.

நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.