பார்க்காத பாதைக்கு நேரம் குறித்தவர்

பிரிட்ஜ்வாட்டர் அலுவலகத்தின் பெருமைக்குரிய மூத்தவரே! சொல்லில் சிக்கனமும் செயலில் தாராளமும் கொண்ட பண்பாளரே! நார்வே நாட்டுக் கரையோரம் ஓடும் ரயில்களுக்கு நியூ ஜெர்சியில் அமர்ந்து நேரம் குறித்த நேர்மையாளரே! இருபத்திரண்டு ஆண்டுப் பணியை நிறைவு செய்து இன்று எங்களிடம் விடைபெறும் எங்கள் ரங்கன் சாரே, திரு. கஸ்தூரிரங்கன் அவர்களே! வணக்கம்.

முறைப்படி இந்த மடலை உங்களை நோக்கியே எழுதத் தொடங்கினோம். முகத்துக்கு நேரே நாலு வரி புகழ்ந்தால் காபி எடுக்கப் போவதுபோல் எழுந்து போய்விடுவீர்கள் என்று உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் வான்மதி எச்சரித்தார். ஆகவே வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நார்வேயின் தென்மேற்கில், ஸ்தவாங்கர் என்ற துறைமுக நகரத்திலிருந்து ஏகர்சுண்ட் வரை ஒரு புறநகர் ரயில் பாதை போகிறது. யேரன் பாதை என்பார்கள். 1878இல் குறுகிய தண்டவாளத்தில் தொடங்கியது. போர் நடந்துகொண்டிருந்த 1944இல் அதை அகலப்படுத்தினார்கள். 1956இல் மின்சாரம் வந்தது. 2009இல் ஸ்தவாங்கருக்கும் சாண்ட்னெஸுக்கும் நடுவே இரண்டாவது தண்டவாளம் போட்டார்கள். சாண்ட்னெஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இன்றும் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட்டு இன்னொன்று எங்காவது நின்றாக வேண்டும். கிராசிங் என்போமே, அதேதான்.

எந்த ரயில், எந்த நிலையத்தில், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று யோசிப்பதே ரங்கன் சாரின் வேலை. வீணாக ஒரு ரயிலை நிறுத்திவைக்க அவருக்கு மனம் வராது. இத்தனைக்கும் இந்த அலுவலகத்தில் ரயிலில் வேலைக்கு வருபவர் ஒருவரும் இல்லை. அவர் உட்பட எல்லோரும் கார்தான்.

அந்தப் பாதையை அவர் பார்த்ததே இல்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில் நாட்டைவிட்டு வெளியே போனால் மறுபடி விசா முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். அது எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பது தெரியாது. வீட்டுக் கடனும் வேலையும் இங்கே. இரட்டைப் பாதைத் திறப்புக்கு அவருக்கு அழைப்பு வந்தபோது அவருக்குப் பதிலாக மேலாளர் அச்சுதன் போனார். திரும்பி வந்தவரிடம் ரங்கன் சார் ஆவலோடு கேட்டார்:

"எப்படி இருந்தது அச்சுதன்?"

"ஒண்ணுமே தெரியல சார். ஒரே மழை. குடைய பிடிக்கறதா, போட்டோ எடுக்கறதா?"

ரங்கன் சார் சிரித்துவிட்டு இருக்கைக்குப் போனார். 

வீட்டில் அவர் மனைவி வேதவல்லி அம்மாள் சாயங்காலம் தவறாமல் கேட்பாராம்: "ஏன்னா, இன்னிக்கு உங்க ரயிலெல்லாம் சமத்தா ஓடித்தா?" நிலையங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் அளவுக்கு அவருக்கும் அந்தப் பாதை பழகிவிட்டது. கார்டு வந்ததும் இருவரும் சேர்ந்து போவதென்று பேச்சு. நோய் முந்திக்கொண்டது. அம்மாள் காலமான கோடையில்தான் கார்டு தபாலில் வந்தது. அதற்குப் பிறகு நார்வேக்குப் போக வேண்டிய வேலை ஒவ்வொரு முறை வந்தபோதும், "வேற யாரையாவது அனுப்புங்கோ" என்றார்.

இந்த ஓய்வு நெருங்கியபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு மே மாதத்தில் ஸ்தவாங்கருக்கு ஒரு விமான டிக்கெட் எடுத்தோம். பெரிய பரிசு என்று நினைத்தோம். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"ரொம்ப சந்தோஷம். ஆனா வேண்டாம். பாத்துட்டு வந்து யார்கிட்ட சொல்லப்போறேன்?"



போகத்தான் மாட்டார், பார்க்கவாவது செய்யட்டுமே என்று அச்சுதன் ஒரு வழி சொன்னார். ஸ்தவாங்கரில் நம்மோடு வேலை செய்பவர்களின் கூட்ட அறை ஜன்னல், நிலையத்தின் நடைமேடையைப் பார்த்து இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அவர்கள் எல்லோரும் அங்கே கூடி, திரையில் அவரை வாழ்த்துவதாக ஏற்பாடு. அவருக்குத் தெரியாமல் எல்லாம் நடந்தது.

இங்கேதான் கால அட்டவணை போடும் நாங்கள் சறுக்கினோம். மார்ச்சில் அமெரிக்காவில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்த பிறகு, சில வாரம் கழித்தே அங்கே தள்ளுவார்கள். நடுவில் ஆறு மணி வித்தியாசம் ஐந்தாகிவிடும். வருடா வருடம் அதை எங்களுக்கு நினைவூட்டியவர் ரங்கன் சார்தான். அவரிடமே மறைத்த விஷயத்தை அவர் எப்படி நினைவூட்டுவார்?

அந்த அறைக் கேமரா தானாகவே இணைந்து, திரை ஒளிர்ந்தது. காலி நாற்காலிகள். மேசைமேல் யாரோ முன்கூட்டியே கொண்டுவந்து வைத்த ஒரு பூங்கொத்து. ஒருவரும் இல்லை.

"ஐயோ! ஒரு மணி நேரம் சீக்கிரமா கால் பண்ணிட்டோம் சார்," என்று வான்மதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேஷ்! நான் இன்னும் ரிட்டயர் ஆகவே இல்லை, அதுக்குள்ளயா?" என்றார் அவர்.

வெட்கத்தோடு ஆளுக்கொரு பக்கம் கலைந்தோம். இணைப்பைத் துண்டிக்கப் போன அச்சுதனைக் கையமர்த்திவிட்டு அவர் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோன வான்மதி பார்த்தபோது, அவர் கண் அந்த அறையைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிருந்தது. வெளியே தூறல். நடைமேடையில் தெற்கே போகும் ரயில் நின்றிருந்தது. வான்மதியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புறப்படும் நேரமாயிற்று. ரயில் நகரவில்லை. ரங்கன் சார் முன்னால் சாய்ந்தார்.

"ஏன் நிக்கறது? இங்க ரெட்டைப் பாதை. கிராசிங் கூட கிடையாதே."

திரையின் ஓரத்திலிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் மடக்கிய தள்ளுவண்டியுமாக, ஓடி வந்தாள். உள்ளிருந்து ஒரு கை நீண்டு வண்டியை வாங்கிக்கொண்டது. அவள் ஏறினாள். கதவு மூடியது. ரயில் போய்விட்டது. வெற்றுத் தண்டவாளத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

திரையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "இப்படி நிக்கறதை நான் அட்டவணையில எழுதலையே, வான்மதி."

"ஆமா சார்."

"எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுண்டிருந்தேன். ஆத்துல அவளுக்கும் அப்படித்தான் சொல்லிண்டிருந்தேன்."

காபி ஆறியது. அடுத்த ரயில் வந்து, நின்று, போயிற்று. அதற்கும் அடுத்தது வந்தது. ஒவ்வொன்றிலும் யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று புதிதாய்ப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் சிரித்தபடி அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், வாசலில் தயங்கி நின்ற அச்சுதனைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேளா?"

"மனசு வரல சார்."

"சரி. இருக்கட்டும்."

ரங்கன் சார், இனி நேராகவே பேசுகிறோம். மே மாதம் நீங்கள் தனியாகத்தான் போகப்போகிறீர்கள். பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை, இருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டோம். நல்ல உடல்நலத்தோடும் தெளிந்த கண்ணோடும் பல்லாண்டு நீங்கள் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். முழங்கால் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாததாக என்னென்ன கண்டீர்களோ, அதை உடனே எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வித்தியாசம் ஆறு மணியா ஐந்தா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். யாராவது ஒருவர் போனை எடுப்போம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
பிரிட்ஜ்வாட்டர் அலுவலகத்துக் கால அட்டவணைப் பிரிவினர்