நாலாவது டெஸ்ட்டு

அய்ய, ஒரு டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போயி இப்டி பயப்படுறியே! மொதல்ல தண்ணியக் குடி. இன்ஸ்பெக்டரு இன்னா கடிச்சா தின்னப் போறாரு? பக்கத்துல ஒக்காந்துக்கிணு, போ, நிறுத்து, ரிவர்ஸ் எடும்பாரு, அவ்ளோதான். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடிய மட்டும் பாத்தா போதாது, கழுத்தத் திருப்பி பின்னாடி பாரு. நீ பாக்குறன்னு அவருக்குத் தெரியணும்.

நானா? எனக்கு இது நாலாவது வாட்டி. சிரி, சிரி. நம்ம டிரைவிங் ஸ்கூல்ல காயத்ரி ஆன்ட்டின்னாலே ஃபெயிலுதான்.

புதுசா கத்துக்கறவ இல்லம்மா நானு. பெங்களூர்ல இருவது வருஷமா ஓட்டுனவ. ஆபீசுங்களுக்கு மத்தியானச் சாப்பாடு நானே ஆக்கி, நானே வண்டில ஏத்தி, நானே கொண்டு போயிக் குடுப்பேன். அந்த டிராபிக்ல சாம்பார் அண்டா சிந்தாம ஓட்டணும், வெளையாட்டா? இப்ப அந்தக் கிச்சன் பூட்டிக் கெடக்குது. நெனச்சா வயிறு எரியுது.

மாமனாருக்குக் கிட்னி போயிடுச்சி, அதான் வந்தோம். பஜார்ல கோவிந்தராஜ் பாத்திரக்கடை தெரியுமில்ல? அவுருதான். வாரத்துக்கு மூணு நாளு பாண்டிக்குப் போயி டயாலிசிஸ் பண்ணணும். ரெண்டே மாசம், ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத் திரும்பிடலாம்னு சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரு கூட்டியாந்தாரு. வருஷம் மூணு ஆவப் போவுது.

ஆமா, கர்நாடகா லைசென்ஸ் இங்கயும் செல்லும், நீ சொல்றது சரிதான். ஆனா எனக்கு அம்பது வயசு ஆனதோட அது முடிஞ்சிடுச்சி. ஒரு வருஷத்துக்குள்ள புதுப்பிச்சிருந்தா இந்த டெஸ்ட்டே கெடயாது. மறந்துட்டேன்னு வீட்ல சொன்னேன்.

எங்க மாமியாரக் கேட்டா எல்லாம் கண்ணு பட்டதுன்னுவாங்க. மொத வாட்டி ஃபெயிலானதும் பூசணிக்கா சுத்தி ஒடச்சாங்க. அடுத்த வாட்டி அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ல ஏத்தி, அந்தக் கூட்டத்துல என்ன நசுக்கி, எலுமிச்சம்பழம் வாங்கியாந்து டயருக்கு அடில வச்சாங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டி டயருக்கு! இப்ப வேண்டுதல் வேற. நான் பாஸானா மொட்டையாம். அவங்களுக்கு இல்லடி, எனக்கு!

இப்போதைக்கு பச்சமுத்துன்னு ஒரு ஆக்டிங் டிரைவருதான் பாண்டிக்குக் கூட்டிட்டுப் போறான். மருமவ ஓட்டுனா நிம்மதியா தூங்கிணு வருவேன்றாரு மாமனாரு. நல்ல மனுஷன். ஒரு நாளு ஒரு சொல்லு சொன்னதில்ல.

வீட்டுக்காரரா? அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லேப்டாப்ப வச்சிக்கிணு மாடில ஒக்காந்து வேல பாக்குறாரு. கம்பெனில திரும்பி வான்றானுங்க, கூலி டிரைவர நம்பி அப்பாவ விட்டுட்டுப் போவ இவருக்கு மனசில்ல. நீ லைசென்ஸ் எடுத்துடு காயத்ரி, மக்யா நாளே நான் பெங்களூரு கெளம்பறேன், அப்பாம்மாவ நீ பாத்துக்கோன்றாரு. லைசென்ஸ் வந்தா அவரு அங்க, நான் இங்க. வெறும் டிரைவரு.

சொல்லாமலா இருப்பேன்? சொன்னேன். என்னையும் கூட்டிணு போங்கன்னு வாய விட்டே கேட்டேன். பெரியவங்கள யாரு பாப்பாங்கன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு. நாத்தனா போன் பண்ணி, அண்ணி நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா தூங்கறேன்னு அழுவுறா. ஆளாளுக்கு என்ன வச்சித்தான் தூங்குறாங்க. எனக்குத்தான் தூக்கம் வர்ல. கெட்டவங்களா இருந்தா சண்ட போட்டுக்கிணு பஸ்ஸேறி இருப்பேன் கண்ணு. எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க, அதான் மூச்சு முட்டுது.

தோ, என் பேரக் கூப்டறாங்க. பைய கொஞ்சம் புடி.

எனக்கப்பறம் நீதான், இதே வண்டிதான். அந்தத் திருப்பத்துல வண்டி குலுங்கி நின்னுடும், பாத்துட்டு பயந்துடாத. வண்டில ஒரு கோளாறும் இல்ல. கிளட்ச்ச சடார்னு விட்டா எந்த வண்டியா இருந்தாலும் நிக்கும். மூணு வாட்டியும் அப்டிதான் நிறுத்துனேன். எனக்கு லைசென்ஸ் வராத வரைக்கும் எங்க வீட்டுக்காரரும் ஊர விட்டுக் கெளம்ப முடியாதில்ல?

அந்த வேப்ப மரத்தாண்ட சேர் போட்டுக்கிணு ஒக்காந்துனுக்கறாரே, அவுருதான் மாமனாரு. எனக்குத் தைரியம் சொல்லணும்னு ஒடம்பு முடியாதப்பவும் வந்திருக்காரு. நான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிணு எறங்கி வருவேன். நீ சிரிச்சிடாதம்மா.